எங்கள் தெருவுக்கு எப்போது ரோடு? பேரூராட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பேரூராட்சி பற்றி ஒரே மாதிரியான சந்தேகங்களைப் பலரும் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளுக்குப் பொருந்தும். முதல் சில கேள்விகள் எளிமையானவை. விஷயம் தெரிந்தவர்கள் நேராகக் கீழே போகலாம், ஆனால் ரோடு போடும் முறை பற்றிய பதிலை மட்டும் தவறவிட வேண்டாம். பின்னால் வரும் பல பதில்கள் அதைச் சார்ந்தவை.

எங்க ஊரை எல்லாரும் பஞ்சாயத்துன்னுதான் சொல்றாங்க. ஊராட்சியும் பேரூராட்சியும் ஒண்ணா, வேறயா?

வேறு வேறு. ஊராட்சி கிராமப்புற உள்ளாட்சி. ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்ற வரிசையில் அது வரும். பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி. கிராமமாக இருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் ஊர்களுக்கான அமைப்பு அது. அதற்கு மேலே நகராட்சி, மாநகராட்சி. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. பேரூராட்சிகளுக்குள்ளேயே வருமானத்தைப் பொறுத்து இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று தரம் உண்டு.

இந்த வேறுபாடு பெயரோடு நிற்பதில்லை. எந்தத் திட்டத்தின் பணம் வரும், எந்த அதிகாரியிடம் புகார் போகும், என்ன வரி, எல்லாமே இதைப் பொறுத்துத்தான். 2004-இல் தமிழ்நாடு அரசே பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றியது. கிராமப்புறத் திட்டங்களின் நிதி அவற்றுக்கும் கிடைக்கட்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். 2006-இல் மறுபடியும் பேரூராட்சிகளாக்கியது.

அப்போ எங்களுக்கு கிராம சபை கிடையாதா?

கிடையாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும் கிராம சபை ஊராட்சிகளுக்கு மட்டும்தான். பக்கத்து ஊரில் கிராம சபை நடப்பதைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் ஏன் நடத்தவில்லை என்று பேரூராட்சி அலுவலகத்தில் சண்டை போடுபவர்கள் உண்டு. அங்கே அதற்கு வழியில்லை.

நகர்ப்புறத்துக்கென்று வார்டு குழு, பகுதி சபை பற்றிய விதிகளை 2022-இல் அரசு கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபைக்கு இருக்கும் பலம் இதற்கு இல்லை, ஆனாலும் நம் தேவையை எழுத்தில் பதிய வைக்க இது ஓர் இடம். உங்கள் பகுதியில் கடைசியாக எப்போது நடந்தது, அதில் என்ன பதிவானது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். நடக்கவே இல்லையென்றால், நடத்தச் சொல்லித் தெருக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

சேர்மன் பெரியவரா, ஈ.ஓ. பெரியவரா? யார்கிட்ட போனா வேலை நடக்கும்?

மன்றம் முடிவெடுக்கும், செயல் அலுவலர், அதாவது ஈ.ஓ., நிறைவேற்றுவார். சட்டத்தில் உள்ளது இவ்வளவுதான். ஒரு பேரூராட்சியில் பெரும்பாலும் 15 அல்லது 18 வார்டுகள் இருக்கும், வார்டுக்கு ஓர் உறுப்பினர். 2022-இல் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, உறுப்பினர்கள்தான் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் நேரடித் தேர்தல் இருந்ததால், சேர்மனுக்கு ஓட்டுப் போட்ட ஞாபகத்தில் பலர் இன்னும் குழம்புகிறார்கள்.

செயல் அலுவலர் அரசு ஊழியர். வசூல், கணக்கு, பணியாளர்கள், உரிமங்கள், அன்றாடக் குப்பை, தண்ணீர், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பில் வரும். அதனால் தெருவிளக்கு எரியவில்லை, பைப் உடைந்துவிட்டது என்றால் நேராக அலுவலகத்துக்குப் போங்கள். புதிதாக ஒன்று வேண்டும் என்றால் கவுன்சிலரிடம் போங்கள், ஏனென்றால் அது மன்றத்துக்கு வர வேண்டிய விஷயம்.

ஒரு தெருவுக்கு ரோடு போடறதுன்னு யார், எங்க முடிவு பண்றாங்க?

இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ரோடு போட ஜல்லி கொட்டும் அன்று அல்ல, பல மாதங்களுக்கு முன்பே முடிவு நடந்து முடிந்திருக்கும். முதலில் கவுன்சிலரோ பொதுமக்களோ கோரிக்கை வைப்பார்கள். பொறியாளர் பிரிவு இடத்தைப் பார்த்து மதிப்பீடு, அதாவது எஸ்டிமேட், தயாரிக்கும். எந்த நிதியில் செய்வது என்று குறித்து அது மன்றக் கூட்டத்துக்கு ஒரு ‘பொருளாக’ வரும். மன்றம் தீர்மானம் போட்டதும் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி எல்லாம் வாங்குவார்கள். அப்புறம் டெண்டர். ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்டதும் பணி உத்தரவு. வேலை நடக்க நடக்க அளவுப் புத்தகத்தில் அளவு பதிவாகும். அந்த அளவை வைத்துத்தான் பில் பாஸாகும்.

இதில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காகிதம் உருவாகிறது. நம் ஆட்கள் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வாய் திறக்கிறோம். சாக்கடை இல்லாமல் ரோடு போடுகிறார்களே, தண்ணீர் வீட்டுக்குள் வருமே என்று ரோடு ரோலர் நிற்கும்போது கேட்டால், எஸ்டிமேட்டில் அது இல்லை என்ற பதில் வரும். அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும். எஸ்டிமேட் போடும் நேரத்தில், பொறியாளர் தெருவுக்கு டேப் பிடிக்க வரும் அன்று, கூட நின்று சொன்னால் ஒரு வாய்க்காலும் அதில் சேரும்.

ஆகவே கவுன்சிலரிடம் எப்போது போடுவீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எஸ்டிமேட் ஆகிவிட்டதா, எந்தக் கூட்டத்துக்குப் பொருளாக வருகிறது, தீர்மான எண் என்ன, எந்த நிதி என்று கேளுங்கள். தீர்மான எண் சொல்ல முடியவில்லையென்றால் விஷயம் இன்னும் வாய்வார்த்தையில்தான் இருக்கிறது.

மன்றக் கூட்டத்துல நாங்க போய் உட்காரலாமா?

பார்வையாளராக உட்காரலாம், பேச முடியாது. நகராட்சிச் சட்டங்களில் நெடுங்காலமாக இருக்கும் முறை இது. தலைமை வகிப்பவர் வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டும். கூட்டம் வழக்கமாக மாதம் ஒருமுறை நடக்கும், நடுவில் அவசரக் கூட்டமும் வரலாம். முதல்முறை போகும்போது நாலைந்து பேராக, முன்பே அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போவது நல்லது. அறை சின்னதாக இருக்கும்.

போக முடியாதவர்கள் பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். உறுப்பினர்களுக்குக் கூட்டத்துக்கு முன்பே அது வந்துவிடும். உங்கள் கவுன்சிலரின் பிரதியைப் பார்க்கக் கேட்பதில் தவறேதும் இல்லை. ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்’ என்று முடியும் அந்த வரிகள் வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த சில மாதங்களில் ஊரில் என்ன நடக்கப்போகிறது என்பது அதில்தான் இருக்கிறது.

வரி கட்டறோமே, அந்தப் பணத்துல ரோடு போட முடியாதா?

நாம் கட்டும் சொத்துவரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை எல்லாம் சேர்ந்தாலும் சின்ன ஊரில் பெரும்பகுதி சம்பளம், மின்கட்டணம், மோட்டார் பழுது, குப்பை வண்டி என்று போய்விடும். ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்க அரசியலமைப்பே இடம் தரவில்லை. நம் சொத்துவரி ரசீதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். அது பேரூராட்சிக்குச் சொந்தமில்லை, நூலகத்துக்குப் போகும்.

பெரிய வேலைகள் வெளியிலிருந்து வரும் நிதியில் நடப்பவை. மாநில நிதி ஆணையத்தின் பங்கு, மத்திய நிதி ஆணைய மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்ற திட்ட நிதி, எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதி ஆகியவை அவை. இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. 2021 முதல் 2026 வரையான 15-ஆவது நிதி ஆணைய மானியத்தில் நம்மைப் போன்ற ஊர்களுக்கு வந்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. அந்தப் பணத்தில் ரோடு போட முடியாது. பணம் இருக்கிறது, ஆனால் செய்ய முடியாது என்று அலுவலகத்தில் சொல்வது எல்லா நேரமும் சாக்கு அல்ல. எந்த நிதி, எதற்கான நிதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் அது சாக்கா நிஜமா என்பது புரிந்துவிடும்.

சொத்துவரி ஏன் திடீர்னு ஏறிச்சு? மன்றம் நினைச்சா குறைக்க முடியாதா?

2022 ஏப்ரலில் மாநிலம் முழுக்க உயர்ந்தது. வீடுகளில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். பல ஆண்டுகளாக ஏற்றாமல் இருந்ததும், சொத்துவரி வளர்ந்தால்தான் மானியம் என்று 15-ஆவது நிதி ஆணையம் நிபந்தனை வைத்ததும் இதற்குக் காரணம். 2024-இல் இன்னொரு 6 சதவீதம் கூடியது. மன்றங்கள் தீர்மானம் போட்டுத்தான் இது அமலானது, ஆனால் மறுத்தால் முந்தைய பதிலில் சொன்ன மானியம் போய்விடும். குறைக்கும் இடம் மன்றத்துக்கு மிகக் கொஞ்சம்தான்.

நமக்குக் கையில் இருப்பது இரண்டு. வரிவிதிப்பில் உங்கள் கட்டடத்தின் பரப்பளவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் எழுத்தில் சீராய்வு கேளுங்கள். ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை உண்டு.

மெயின் ரோடு குண்டும் குழியுமா கிடக்கு. கேட்டா ‘அது எங்களோடது இல்ல’ன்னு சொல்றாங்களே?

பல ஊர்களில் உண்மையிலேயே அவர்களுடையது இல்லை. ஊருக்கு நடுவே போகும் பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். ஏரி நீர்வளத் துறையிடம், புறம்போக்கு நிலம் வருவாய்த் துறையிடம், மின்கம்பம் மின்வாரியத்திடம், கூட்டுக் குடிநீர்த் திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்திடம். யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். அது இன்னொரு துறையுடையது என்றால், அந்தத் துறையை வலியுறுத்தி மன்றம் ஒரு தீர்மானம் போடலாம். பத்துப் பேர் தனித்தனியாகக் கொடுக்கும் மனுவைவிட மன்றத் தீர்மானத்துக்குக் கனம் அதிகம்.

எங்க நகர்ல ரோடு போட மாட்டேங்கறாங்க. இன்னும் ஒப்படைக்கலன்னு சொல்றாங்க.

மனைப்பிரிவின் ரோடும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் பேரூராட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்படிக் கொடுக்கவில்லையென்றால் அது சட்டப்படி தனியார் இடம்தான், பொதுப்பணத்தைச் செலவிட முடியாது. மனை வாங்கும்போதே விற்பவரிடம் அந்தப் பத்திரத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து விற்றவரை எழுதிக் கொடுக்க வையுங்கள். பூங்கா இடம் காலியாகவே கிடந்தால் சீக்கிரம் கவனியுங்கள். இன்று கீற்றுக் கொட்டகை போட்டவர் நாளை சுவர் எழுப்புவார்.

நாங்களே பணம் போட்டா சீக்கிரம் செஞ்சு தருவாங்களா?

‘நமக்கு நாமே’ திட்டம் அதற்குத்தான். 1990-களில் தொடங்கியது, 2021-க்குப் பிறகு நகர்ப்புறத்தில் மறுபடி உயிர்பெற்றது. பொதுமக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று, மீதி அரசு. பூங்கா, பள்ளிக் கட்டடம், குளம் தூர்வாருதல் போன்றவற்றுக்கு நன்றாகப் பயன்படும்.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்துகிறது. பணம் திரட்ட முடிந்த தெருவுக்கு முதலில் வேலை நடக்கும், காலனியும் கூலிக்காரர் தெருவும் பின்னால் போகும். அடிப்படைத் தேவையான குடிநீர், வாய்க்கால், தெருவிளக்கு ஆகியவற்றுக்குப் பங்குத்தொகை கேட்டால் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. அவற்றைச் செய்வது உள்ளாட்சியின் கடமை.

போட்ட ரோடு மழைக்கு முன்னாடியே பெயர்ந்துடுச்சு. யாரைக் கேக்கறது?

முதலில் போட்டோ எடுங்கள், தேதியோடு. அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். மேலே ரோடு பற்றிய பதிலில் சொன்ன காகிதங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தீர்மானம், எஸ்டிமேட், பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் நகல், பில். ஏன் ரோடு சரியில்லை என்று கேட்டால் பதில் வராது. காகிதத்தைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். 30 நாளில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அப்புறம் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

பலருக்குத் தெரியாதது ஒன்று: 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றுடன் எடுக்கவும் உரிமை தருகிறது. எஸ்டிமேட்டில் உள்ள கனமும் தெருவில் உள்ள கனமும் ஒத்துப்போகிறதா என்று அளந்து பார்த்துவிடலாம். ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகை உத்தரவாதக் காலம் முடியும்வரை பேரூராட்சியிடம்தான் இருக்கும், அதைத் திருப்பித் தருவதற்குள் சொன்னால் அவர் செலவிலேயே சரிசெய்ய வைக்க முடியும்.

பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீட்டு வாசல் பள்ளமாகிறதே என்ற கவலையும் இதோடு சேர்ந்தது. மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதிய அடுக்குப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். எஸ்டிமேட் கட்டத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

பேரூராட்சியிலயே தப்பு நடக்குதுன்னு நினைச்சா அதுக்கு மேல எங்க போறது?

சாதாரணக் குறை என்றால் மண்டலப் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம், 1100 உதவி எண். முறைகேடு என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவர் இருக்கிறார். உறுப்பினர், அலுவலர் இரு தரப்பின் மீதும் அங்கே புகார் செய்யலாம். கையில் காகிதம் இல்லாமல் போகாதீர்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கையின் அறிக்கையைத் தகவல் மனுவில் கேட்டு வாங்கலாம், தணிக்கைத் தடைகளே, அதாவது கணக்கில் தணிக்கையாளர்கள் எழுப்பிய ஆட்சேபங்களே, பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

எங்க கவுன்சிலர் ஒரு பொம்பள. ஆனா எல்லாத்துக்கும் அவங்க வீட்டுக்காரர்தான் வர்றாரு.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு. கணவருக்கு மன்றத்தில் உட்காரவோ, கோப்பைப் பார்க்கவோ, கையெழுத்திடவோ எந்த உரிமையும் இல்லை. ஆனால் இதில் நம் பங்கும் இருக்கிறது. கோரிக்கையை அந்த அம்மாவின் கையில் கொடுங்கள், அவர் பெயரில் எழுதுங்கள், போனிலும் அவரையே கேளுங்கள். கணவரைத் தேடிப் போய் மனு கொடுத்துவிட்டு அவரே எல்லாம் செய்கிறார் என்று குறை சொல்வது நியாயம் இல்லை. முதல் ஆண்டில் வாய் திறக்காத பெண் உறுப்பினர், பொருள் பட்டியலைப் படித்துப் பழகிய பிறகு கணக்குக் கேட்கத் தொடங்குவதை இந்த ஊர்களில் பார்க்கலாம்.

குப்பைக் கிடங்கை எங்க பக்கம் கொண்டு வர்றாங்க. தடுக்க முடியுமா?

குப்பை எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். வேண்டாம் என்று மட்டும் சொன்னால், குரல் எழுப்பத் தெரியாத தெருவின் பக்கம் அதைத் தள்ளிவிடுவார்கள், அது பெரும்பாலும் ஏழைகளின் தெருவாக இருக்கும். பேரூராட்சிகளில் இப்போது வளம் மீட்புப் பூங்கா என்று அமைக்கிறார்கள். மக்கும் குப்பை உரமாகி, மக்காதது தரம்பிரித்து விற்கப்பட்டால் நாற்றமோ புகையோ இருக்காது. நீர்நிலையிலிருந்தும் வீடுகளிலிருந்தும் எவ்வளவு தூரம், தினமும் எத்தனை பேர் வேலை செய்வார்கள், எரிப்பார்களா என்பதை இடத் தேர்வு மன்றத்துக்கு வரும்போதே கேளுங்கள். ஏரிப் புறம்போக்கு என்றால் உறுதியாக எதிர்க்கலாம். ஏரிகளைப் பாதுகாக்க 2007-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

பக்கத்து ஊராட்சியைச் சேர்த்து நகராட்சி ஆக்கப் போறாங்களாம். நல்லதா, கெட்டதா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. 2025 தொடக்கத்தில் இப்படிப் பல இணைப்பு அறிவிப்புகள் வந்தபோது எதிர்த்துப் போராடியவர்களில் பெண் கூலித் தொழிலாளர்கள் அதிகம். நூறு நாள் வேலை கிராமப்புறத்துக்கான திட்டம், சேர்க்கப்படும் ஊராட்சி நகர்ப்புறமானதும் அங்கே அது நின்றுவிடும். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்று 2021-இல் வந்தது, ஆனால் எல்லா ஊருக்கும் அல்ல. அந்த ஊராட்சிக்காரர்களுக்கு வீட்டுவரியும் கூடும், இரண்டாவது கேள்வியில் சொன்ன கிராம சபையும் போய்விடும். மறுபக்கம் பாதாளச் சாக்கடை, பெரிய குடிநீர்த் திட்டம் போன்றவற்றுக்கு நகராட்சியானால் வழி கூடும். மனை விலை ஏறும், அது நிலம் உள்ளவருக்கு லாபம்.

அறிவிப்பு வந்ததும் ஆட்சேபம் தெரிவிக்கக் கால அவகாசம் தருவார்கள். அந்த நாட்களுக்குள் எழுத்தில் கொடுத்தது மட்டுமே பதிவாகும், மறியல் போட்டோவுக்குக் கோப்பில் இடமில்லை. எந்தத் தெருவில் எத்தனை குடும்பம் நூறு நாள் வேலையை நம்பியிருக்கிறது என்று எண்ணி எழுதிக் கொடுங்கள்.

தேர்தல் நடக்காம போனா யார் முடிவெடுப்பாங்க?

தனி அலுவலர். ஒரு மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்பது அரசியலமைப்பில் இருக்கிறது. அப்படியும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு நகர்ப்புறத்தில் 2022 வரை தேர்தல் நடக்கவில்லை. அத்தனை ஆண்டும் மன்றம் என்ற ஒன்றே இல்லாமல் அலுவலர் கையெழுத்தில் ஊர் ஓடியது. அப்படி ஒரு காலம் மறுபடி வந்தால், மேலே சொன்னவற்றில் கூட்டமும் கவுன்சிலரும் இருக்க மாட்டார்கள். எஸ்டிமேட், டெண்டர், அளவுப் புத்தகம், தணிக்கை எல்லாம் அப்போதும் இருக்கும், தகவல் மனுவும் செல்லும். 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. உங்கள் தெரு வேலைக்குத் தீர்மானம் வேண்டுமென்றால் அதற்குள் வாங்கிவிடுங்கள்.